சட்ட மேதை இமாம் அபூ ஹனீபா

நியாயாதிபதியின் ஆசனத்தை நாடி அலைந்தவர்களின் கதைகள் எல்லா நாடுகளிலும் மலிந்து கிடக்கின்றன. அவ்வாசனம் தம்மை நாடி வந்தபோது அதனை ஏற்க மறுத்து, மறுத்த குற்றத்திற்காகவே சவுக்கடியும் சிறைவாசமும் பெற்ற ஒருவரின் சரிதத்தை நம் நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர் இயற்பெயர் நுஃமான். தந்தையார் பெயர் தாபித். உலகம் அவரை இமாம் அபூ ஹனீபா என்று அறியும். துருக்கி முதல் வங்காளம் வரை பரவியுள்ள ஹனபி சட்ட மரபு அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. நம் நாட்டு நீதிமன்றங்களில் ஸுன்னி முஸ்லிம் ஒருவர் வழக்காட வந்தால், வேறு மரபினர் என்று காட்டப்படாத வரையில், அவர் ஹனபி மரபினர் என்றே கொள்வது வழக்கம். தமிழகத்திலே கடற்கரை ஊர்களில் வாழும் மரக்காயர்கள் பெரும்பாலும் ஷாபி மரபைச் சார்ந்தோர். உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனபிகள். ஆகவே ராவுத்தர் குடும்பமொன்றில் பாகப் பிரிவினை நேரும்போது, ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கும் முன்னர் கூபா நகரத்தில் நிகழ்ந்த வாதங்களின் எதிரொலி அங்கே கேட்கின்றது எனலாம்.

கூபா என்பது ஈராக் தேசத்தில் யூப்ரடீஸ் நதிக்கரையை அடுத்த நகரம். கலீபா உமரின் ஆணையால் கி.பி. 638-ஆம் ஆண்டளவில் படைவீடாக ஏற்பட்டது. சில ஆண்டுகளில் பெரு நகரமாயிற்று. நபிகள் நாயகத்தின் தோழர்களுள் ஒருவரான இப்னு மஸ்ஊத் என்பாரை உமர் அவர்கள் அந்நகருக்கு ஆசிரியராக அனுப்பினார். அவரிடம் கற்றோரும், அவரிடம் கற்றோரிடம் கற்றோருமாக அங்கே ஒரு கல்விப் பரம்பரை வேரூன்றியது. அரபியர், பாரசீகர், பல சமயத்தினர், பல தொழிலினர் கூடி வாழ்ந்த ஊராதலின், பாலைவனத்துப் பழைய வழக்கங்களால் தீர்க்க இயலாத புதுப்புது வழக்குகள் நாள்தோறும் எழுந்தன. சட்டம் வளர்வதற்கு இதனினும் ஏற்ற நிலம் வேறு யாது?

கி.பி. 699-ஆம் ஆண்டிலே, அதாவது ஹிஜ்ரி 80-இல், அபூ ஹனீபா இந்நகரில் பிறந்தார். அவர் அரபியர் அல்லர்; பாரசீக வழியினர். பாட்டனார் காபூலிலிருந்து வந்தவர் என்பது பெரும்பாலோர் கூறும் செய்தி. அந்நாளில் ஆண்ட உமையா வம்சத்தார் அரபியரல்லாத முஸ்லிம்களை ஒருபடி தாழ்த்தியே நடத்தினர். மதம் எல்லோரையும் சமமென்று கூற, சர்க்கார் சமமல்லவென்று நடந்துகொண்ட காலம் அது. பிற்காலத்தில் மக்களின் உரிமைகளைப் பற்றி இப்பெரியார் கூறிய முடிவுகளை ஆராய்வோர் அவர் பிறந்த குலத்தின் இந்நிலையை மறத்தல் கூடாது.

குடும்பத் தொழில் பட்டு வியாபாரம். இளைஞர் நுஃமானும் கடையிலேயே காலங்கழித்து வந்தார். ஷஅபீ என்னும் முதிய அறிஞர் ஒருவர் அவர் கடைவீதிக்கும் வீட்டுக்குமாக நடப்பதைக் கண்டு, இத்தகைய கூரிய அறிவைக் கல்வியில் செலுத்தலாகாதா என்று தூண்டியதாகச் சொல்லுவர். முதலில் சமயத் தத்துவ வாதங்களில் இறங்கிப் புகழ் பெற்றார். பின்னர், வானத்துச் சங்கதிகளைப் பற்றி வாதிடுவதைக் காட்டிலும் மண்ணில் மனிதர்க்கு நேரும் வழக்குகளைத் தீர்ப்பதே பயனுடைத்து என்று தெளிந்து, ஹம்மாத் என்னும் சட்ட ஆசிரியரின் மாணாக்கரானார். பதினெட்டு ஆண்டுகள் அவரை விட்டு அகலவில்லை. கி.பி. 738-இல் ஹம்மாத் மரித்தபின், நாற்பது வயதை எட்டியிருந்த அபூ ஹனீபா ஆசிரியரின் இடத்தில் அமர்ந்தார். மூன்றாண்டு படித்துவிட்டுப் பலகை மாட்டிக்கொள்ளும் நம்மைப் போன்ற வக்கீல்கள் இப்பதினெட்டு ஆண்டுகளைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆசிரியரான பின்னும் வியாபாரத்தை அவர் கைவிடவில்லை. இது அற்பச் செய்தியன்று. அவர் வாழ்க்கையின் திறவுகோலே இதில் இருக்கின்றது. அரண்மனைச் சன்மானத்தை எதிர்பார்த்து வாழ்ந்த அறிஞர் பலர். அபூ ஹனீபாவோ தம் சொந்தக் கடையின் வருவாயில் உண்டு, எஞ்சியதில் ஏழை மாணாக்கர்க்குப் படியளந்தார். ஒருமுறை அவருடைய கூட்டாளி, பழுதுடைய துணியொன்றை அப்பழுதைக் கூறாமலே மறதியாக விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் அறிய இயலவில்லை. அவ்விற்பனையில் வந்த பணம் முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டதாக அவர் சரித்திரக்காரர்கள் எழுதியுள்ளனர். யாரிடமும் கைநீட்டாதவன் யாருக்கும் தலைகுனிய வேண்டுவதில்லையன்றோ?

அவருடைய பாடசாலை பள்ளிவாசலில் கூடிய வட்டமே. ஆசிரியர் சொல்ல மாணாக்கர் எழுதிக்கொள்ளும் முறை அங்கே நிலவவில்லை. ஒரு பிரச்சினை சபையின் நடுவே வைக்கப்படும். ஒவ்வொருவரும் தம் அபிப்பிராயத்தைக் காரணத்துடன் கூறுவர். ஆசிரியரை மறுத்தும் பேசுவர். சில சமயம் ஒரே விஷயம் பல நாட்கள் நடக்கும். முடிவு தெளிவான பின்னரே ஏட்டில் ஏறும். முதலில் குர்ஆன், அடுத்து நபிகளின் நடைமுறை, அதன்பின் தோழர்களின் தீர்ப்புகள். இவற்றில் விடை கிடையாவிடில் ஒத்த விஷயத்தை ஒப்பிட்டு முடிவு காணும் கியாஸ். அவ்வொப்பீடு அநியாயத்தில் கொண்டு விடுமாயின், அதனை விடுத்து நன்மையைத் தேரும் இஸ்திஹ்ஸான் என்னும் முறை. இப்படிகளில் கடைசிப் படியே அவருக்குப் பகைவரைத் தேடித் தந்தது. ஹதீஸ்களைப் பின்தள்ளித் தம் சொந்த அறிவை முன்வைக்கிறார் என்று மற்ற ஊர் அறிஞர் பலர் அவரைக் கடிந்தனர். அக்கண்டனம் அவர் மறைந்து பல தலைமுறைகள் வரை ஓயவில்லை.

நடவாத விஷயங்களைக் கற்பனை செய்து விடை தேடுகிறார் என்பது மற்றொரு குறை. பஸ்ரா நகரத்துப் பேரறிஞர் கதாதா கூபாவுக்கு வந்து, எதை வேண்டுமாயினும் வினவலாம் என்று சபையில் கூறினாராம். அபூ ஹனீபா எழுந்து, காணாமற்போன கணவன் இறந்துவிட்டான் என்று நம்பி மனைவி மறுமணம் செய்துகொண்ட பின்னர் முதற் கணவன் திரும்பி வந்தால் நிலைமை யாது என்று கேட்டார். இப்படி எங்கேனும் நடந்ததா என்று கதாதா வினவ, இல்லை என்றார். நடவாததைக் கேட்பானேன் என்று அவர் சினக்க, துன்பம் வருமுன்னரே அதற்கு ஆயத்தம் செய்துகொள்வது அறிஞர் கடமை என்று இவர் விடையளித்ததாகச் சொல்லப்படுகிறது. சட்டம் இயற்றுவோர் எல்லோரும் செய்ய வேண்டுவது இதுவேயாம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமற் போவது நேர்மையாகாது. காணாமற்போன கணவனைப் பற்றி ஹனபி மரபு பின்னர் கொண்ட முடிவு மிகக் கடுமையானது. அவனை ஒத்த வயதினர் இறந்தொழியும் வரை மனைவி காத்திருக்க வேண்டுமென்றது. இதனால் இந்தியாவில் எத்தனையோ ஸ்திரீகள் துன்புற்றனர். ஹனபி உலமாக்களே இதனை உணர்ந்து மாலிகி மரபின் முறையைக் கைக்கொள்ள இசைந்தனர். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக ரத்துச் சட்டம், நான்காண்டுகள் கணவனைப் பற்றிய செய்தி யாதும் இல்லையெனின் மனைவி விடுதலை பெறலாம் என்று விதித்தது. கேள்வியை எழுப்பிய பெருமை இமாமைச் சார்ந்தது. நல்ல விடை வேறிடத்திலிருந்து வந்தது.

ஆயினும் பெண்களைப் பற்றிய வேறொரு விஷயத்தில் அவர் மற்ற மூன்று மரபினரையும் கடந்து நின்றார். பருவமெய்திய, அறிவு தெளிந்த பெண் தன் விவாகத்தைத் தானே முடித்துக்கொள்ளலாம். காப்பாளர் இன்றேல் அது செல்லாதென்பது இல்லை என்றார். ஊதாரியாயினும் வயது வந்த மனிதனின் சொத்தை அவன் கையாளவொட்டாமல் காஜி தடுத்தல் தகாது என்பதும் அவர் கொள்கை. ஒருவன் தன் பணத்தை இழப்பதினும் தன் சுதந்திரத்தை இழப்பது பெரிய கேடு என்று அவர் கருதினார் போலும். இதில் அவருடைய சிஷ்யர்களே அவரோடு உடன்படவில்லை. முஸ்லிம் அரசின் பாதுகாப்பில் வாழும் பிற மதத்தினனை முஸ்லிம் ஒருவன் கொலை செய்தால், முஸ்லிமைக் கொன்றதற்குரிய அதே தண்டனை அவனுக்கு உண்டு என்றார். பிறர் பலர் இதை மறுத்தனர். தொழுகையில் குர்ஆனைப் பாரசீக மொழிபெயர்ப்பில் ஓதலாம் என்றும் ஒரு காலத்தில் கூறினார். அரபி ஓத இயலாதவர்க்கு மட்டுமே அது பொருந்தும் என்று பின்னர்ச் சுருக்கிக்கொண்டதாகச் சொல்லுவர். தாய்மொழியின் பெருமையை உணர்ந்த தமிழர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம்.

கூபாவில் அக்காலத்துக் காஜியாக இருந்தவர் இப்னு அபீ லைலா. நெடுங்காலம் அப்பதவி வகித்தவர், கல்விமானே. சித்தசுவாதீனமற்ற ஒரு பெண், ஒருவனை அவன் தாய் தந்தையர் இருவரையும் இழுத்துப் பழித்து ஏசினாள். காஜி அவளைப் பள்ளிவாசலிலேயே நிறுத்தி, இருவரை ஏசியதற்காக இரண்டு தண்டனைகளைச் சேர்த்து அடிப்பித்தார். செய்தி கேட்ட அபூ ஹனீபா, ஒரே தீர்ப்பில் ஆறு பிழைகள் உள்ளன என்று எடுத்துக்காட்டினார். பள்ளிவாசலில் தண்டனை நிறைவேற்றலாகாது. பெண்ணை நிறுத்தி அடிக்கலாகாது. ஒரு சொல்லால் பலரை ஏசினும் தண்டனை ஒன்றே. இரண்டு விதிப்பினும் முதலடியின் புண் ஆறாமுன் அடுத்ததைத் தொடங்கலாகாது. பித்துப்பிடித்தவளுக்குத் தண்டனையே கிடையாது. இவை ஐந்து. ஆறாவது பிழை எல்லாவற்றினும் சட்ட நுட்பம் வாய்ந்தது: ஏசப்பட்ட பெற்றோரே வழக்குத் தொடர வேண்டியவர்கள்; அவர்களோ வரவேயில்லை. பிராது இல்லாமலே தீர்ப்பு!

காஜிக்கு இது பொறுக்கவில்லை. அதிகாரியிடம் முறையிட்டார். அபூ ஹனீபா இனிச் சட்ட அபிப்பிராயம் எதுவும் கூறலாகாது என்று உத்தரவு பிறந்தது. இமாம் அதற்குக் கீழ்ப்படிந்தார். எவ்வளவு தூரம் எனின், வீட்டிற்குள் தம் மகளே ஒரு சந்தேகம் கேட்டபோதும், உன் சகோதரனைக் கேள் என்று சொல்லி மௌனமானார். யார் பார்க்கப் போகிறார் என்ற நினைவு அவருக்கு எழவில்லை. பின்னர் அதிகாரியின் சபைக்கே விடைகாண இயலாத ஒரு சிக்கல் வந்து, அவரையே கேட்க நேர்ந்து, தடை நீங்கிற்று. வாய் மூடு என்ற கட்டளைக்கு இவ்வளவு பணிந்த மனிதர், வாய் திற என்ற கட்டளைக்குப் பிற்காலத்தில் உயிர் போகும் வரை பணியவில்லை என்பது சிந்தித்தற்குரியது.

அரசியலில் அவர் மனம் எங்கே இருந்தது என்பதில் ஐயமில்லை. கி.பி. 740-இல் நபிகளின் வழித்தோன்றலான ஸைத் என்பவர் உமையாக்களை எதிர்த்துக் கூபாவில் கிளர்ந்தெழுந்தார். அபூ ஹனீபா பொருளுதவி செய்தார் என்பது வரலாறு. வாளெடுத்துச் செல்லவில்லை, கூபாவாசிகளின் உறுதியை அவர் நம்பவில்லை. ஸைத் கைவிடப்பட்டு மாண்டார். உமையா ஆட்சி ஆட்டங்கண்ட கடைசி ஆண்டுகளில் ஈராக்கின் ஆளுநர் இப்னு ஹுபைரா, நாட்டின் பேரறிஞர்களைப் பதவிகளால் தம்மோடு பிணைத்துக்கொள்ளக் கருதினார். அபூ ஹனீபாவுக்கும் உயர்ந்த உத்தியோகம் தர முன்வந்தார். மறுப்புக் கிடைத்தது. நண்பர்கள் வேண்டினர், மீண்டும் மறுப்பு. ஆளுநர் சவுக்கை எடுப்பித்தார். நாளொன்றுக்குப் பத்து அடியாக நூற்றுப்பத்து அடிகள் என்பர். முகம் வீங்கித் தலை புண்ணாயிற்று. விடுபட்டதும் மக்கா நகர் சென்று, ஆட்சி மாறும் வரை அங்கே தங்கினார்.

கி.பி. 750-இல் உமையாக்கள் வீழ்ந்து அப்பாஸியர் அரியணை ஏறினர். நீதியின் பெயரால், நபிகளின் குடும்பத்தின் பெயரால் நடந்த புரட்சி அது. அரபியரல்லாதார் அதில் பெரும்பங்கு கொண்டனர். நல்ல காலம் பிறந்ததென்றே அபூ ஹனீபாவும் முதலில் எண்ணியிருக்க வேண்டும். இரண்டாவது கலீபா மன்ஸூரின் ஆட்சி அந்நம்பிக்கையைப் போக்கிற்று. கொடியின் நிறம் மாறியது. கோலின் கொடுமை மாறவில்லை. கி.பி. 762-இல் அலீயின் வம்சத்து முஹம்மதும் இப்ராஹீமும் மதீனாவிலும் பஸ்ராவிலும் எழுந்தபோது, அபூ ஹனீபா இப்ராஹீமுக்கு ஆதரவாக வெளிப்படையாகவே பேசினார். இருவரும் கொல்லப்பட்டனர். மன்ஸூர் இதை மறக்கக் கூடியவர் அல்லர்.

மோஸுல் நகரத்தாரைப் பற்றிய செய்தியொன்று உண்டு. இனிக் கலகம் செய்தால் தங்கள் உயிரும் உடைமையும் கலீபாவுக்குரியன என்று அவர்கள் முன்னர் உடன்படிக்கை எழுதிக் கொடுத்திருந்தனர். மீண்டும் கலகம் எழுந்தது. மன்ஸூர் அறிஞர்களைக் கூட்டி, அவர்களைக் கொல்வது இனிச் சட்டப்படி சரியன்றோ என்று வினவினார். சரியே, மன்னித்தால் அது தங்கள் பெருந்தன்மை என்று இதமாகக் கூறினர் மற்றவர். அபூ ஹனீபா மட்டும், தமக்குச் சொந்தமல்லாததை அவர்கள் கொடுத்தனர், கேட்க உரிமையில்லாததைக் கலீபா கேட்டார் என்று தெரிவித்தார். மனிதனின் உயிர் அவன் விற்கவோ அடகு வைக்கவோ தக்க பொருளன்று. ஆகவே அந்த ஒப்பந்தம் ஆதியிலேயே செல்லாதது. ஒப்பந்தச் சட்டம் கற்றோர் எவரும் இதற்குமேல் ஒரு வரி சேர்க்க இயலாது. கலீபா அவர்களை ஊர் திரும்பச் சொன்னார்.

இத்தகையவரை வெளியே விட்டுவைப்பதினும் ஆசனத்தில் அமர்த்திவிடுவது நலமென்று மன்ஸூர் கருதினார். காஜி பதவியை ஏற்குமாறு ஆணையிட்டார். தமக்கு அதற்குத் தகுதியில்லை என்றார் இமாம். பொய் சொல்கிறீர் என்றார் கலீபா. அப்படியாயின் பொய்யனைக் காஜியாக்குவது முறையாகாது. மெய்யாயின் தகுதியற்றவனை ஆக்குவது முறையாகாது என்று அவர் முடித்தார். கலீபா சபதம் செய்தார். இவரும் எதிர்ச் சபதம் செய்தார். கலீபா சபதமிட்ட பின்னும் நீர் இவ்வாறு சபதமிடலாமா என்று அரண்மனை அதிகாரி அதட்டினார். சபதம் தவறினால் அதற்குரிய பரிகாரப் பொருளைச் செலுத்தும் வசதி என்னைவிடக் கலீபாவுக்கே அதிகம் என்றார் இமாம். யூப்ரடீஸ் நதியில் அமிழ்த்துவதாகப் பயமுறுத்தினாலும், நியாயத்தை வளைப்பதினும் அமிழ்வதையே விரும்புவேன் என்றும், அரண்மனையைச் சுற்றியுள்ளோர் தமக்கு இணங்கும் காஜியையே எதிர்பார்ப்பர், அது தம்மால் ஆகாது என்றும் அவர் கூறியதாகத் தெரிகிறது. அப்பொழுது பக்தாத் நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. தம் சபதம் பொய்க்காமலிருக்க, கட்டட வேலையில் செங்கல் எண்ணும் வேலையை மன்ஸூர் அவருக்குக் கொடுத்தார் என்று தபரீ என்னும் சரித்திராசிரியர் எழுதுகிறார். இமாம் ஒவ்வொன்றாக எண்ணவில்லை. அடுக்குகளை ஒரு கோலால் அளந்து கணக்கிட்டாராம். வேலையை அவமானமாக எண்ணாது அதிலும் ஒரு முறை கண்டவர் அவர்.

ஆனால் அத்துடன் முடியவில்லை. சிறை வாயில் திறந்தது. அங்கேயும் அடித்தனர் என்பர். கி.பி. 767-இல், ஹிஜ்ரி 150-இல், எழுபதை நெருங்கிய வயதில் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது என்பது பெரும்பாலோர் முடிவு. நஞ்சூட்டப்பட்டார் என்பாரும் உளர். மக்கள் திரள் அடங்காமையால் ஜனாஸாத் தொழுகையை ஆறு முறை நடத்த வேண்டியதாயிற்றாம். அரசர் பிறரிடமிருந்து அபகரித்த நிலத்தில் தம்மை அடக்கலாகாது என்று அவர் முன்பே சொல்லிவைத்திருந்தபடி கைஸுரான் மயானத்தில் அடக்கினர். சட்டத்தில் சொத்துரிமைப் பகுதியை இவ்வளவு உறுதியாகக் கைப்பிடித்துச் சென்றவர் வேறொருவர் இருப்பாரோ, அறியோம். அவர் சமாதியின் மீது 1066-ஆம் ஆண்டில் ஸெல்ஜுக் அதிகாரி ஒருவர் மண்டபமும் கல்விச்சாலையும் எழுப்பினார். பேரிமாம் என்னும் அவர் பட்டத்தாலேயே பக்தாதின் அப்பகுதி அஃஸமிய்யா எனப்படுகிறது.

தம் கையால் சட்ட நூலொன்றும் அவர் விட்டுச் செல்லவில்லை. மாணாக்கரே அவருடைய நூல்கள். அவருள் முஹம்மத் ஷைபானீ, வட்டத்தில் நடந்த வாதங்களை விரிவான நூல்களாக்கினார். அடைக்கலம் கொடுத்த ஒருவரை வாக்குத் தவறிக் கொல்ல ஹாரூன் ரஷீத் வழி தேடியபோது, அடைக்கலம் அடைக்கலமே என்று சொல்லித் தம் காஜி பதவியை இழந்தவர் இவர். ஷாபி மரபின் மூலவரான இமாம் ஷாபியீயும் இவரிடம் பயின்றவரே. அடுத்த நூற்றாண்டுகளில் இம்மரபு மத்திய ஆசியாவிலே தழைத்தது. பர்கானாவைச் சேர்ந்த மர்கீனானீ 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஹிதாயா இந்தியாவுக்கு வந்து, 1791-இல் ஆங்கிலமாகி, வெள்ளைக்கார நீதிபதிகளின் மேஜையில் ஏறிற்று. நீதிபதியாக மறுத்தவரின் வாதங்களைக் கடல் கடந்து வந்த நீதிபதிகள் புரட்டிப் பார்த்துத் தீர்ப்பெழுதினர்.

மற்றொரு சிஷ்யர் அபூ யூஸுப். இவர் வறுமையில் வாடிய சிறுவர். வீட்டார் தொழிலுக்கு இழுக்க, அபூ ஹனீபாவே பணப்பை கொடுத்துப் படிக்கவைத்தார். அச்சிறுவரே பின்னர் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியானார். இஸ்லாமிய உலகில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவர். பல மாகாணங்களுக்கும் காஜிகளாகத் தம் மரபினரை அனுப்பினார். ஹனபி சட்டம் உலகெங்கும் பரவியது பெரும்பாலும் அந்த ஆசனத்தின் பலத்தால்தான். ஆசிரியர் மறுத்ததை மாணாக்கர் ஏற்றிராவிடில், ஆசிரியரின் சட்டம் கூபாவின் எல்லையைக் கடந்திருக்குமா என்பதே ஐயம். ஆகவே அபூ யூஸுபை நாம் இகழ மாட்டோம். வரிவிதிப்பைப் பற்றிக் கலீபாவுக்கு எழுதிய கிதாபுல் கராஜ் என்னும் நூலில், வரிக்காகக் குடிகளை அடிப்பதும் வெயிலில் நிறுத்துவதும் கூடாதென்று துணிந்து எழுதியவர் அவர்.

ஆயினும் அவரைப் பற்றி ஹனபிச் சட்ட நூல்களே ஒரு செய்தியைப் பாதுகாத்து வந்துள்ளன. கி.பி. 798-இல் மரணப் படுக்கையில் கிடந்தபோது, தம் உத்தியோக காலத்தில் நியாயம் தவறியதில்லை, ஒரே ஒரு நாள் தவிர என்று அவர் வருந்தினாராம். ஒரு கிறிஸ்தவர் கலீபா ஹாரூன் மீதே வழக்குத் தொடுத்திருந்தார். வழக்கை முறைப்படியே விசாரித்தார். ஆனால் கலீபா ஆசனத்தில் சாய்ந்திருந்தார். வாதி எதிரே நின்றார். இருவரையும் ஒரே வரிசையில் அமருமாறு சொல்ல அன்று தமக்கு நா எழவில்லை என்பதே அவர் துயரம்.